உக்கிப்போன டிரான்சம்: உள்ளாலா, வெளியாலா, ஊற்றியா?

அத்தான் போன இலையுதிர்காலத்தில் ஒரு படகு வாங்கினார். 1987இல் கட்டிய 17 அடி ஃபைபர்கிளாஸ் படகு. பின்னால் 90 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் அவுட்போட் மோட்டார். ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு முற்றத்து மேப்பிள் மரத்தடியில், ட்ரெய்லரிலேயே பல வருடம் நின்ற படகு. உள்ளே கணுக்கால் ஆழத்துக்கு இலைச் சருகு. விலை நல்ல மலிவு. ஏன் மலிவு என்று வாங்கிய பிறகுதான் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டார்.

மோட்டாரைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் காலைப் பிடித்து உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். மோட்டார் மட்டும் அசைந்தால் பரவாயில்லை. அதைத் தாங்கும் பின்சுவரே சேர்ந்து அசைந்தது. மேல் விளிம்பில் இருந்த வெடிப்பு வாயைத் திறந்து மூடியது. "தம்பி, இது மேல் பூச்சில விழுந்த வெடிப்புத்தானே?" என்றார். அப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அந்தப் பின்சுவர்தான் டிரான்சம். ஃபைபர்கிளாஸ் படகு என்று பெயர் இருந்தாலும், அந்தக் காலத்து வட அமெரிக்கப் படகுகளில் டிரான்சத்தின் நடு பெரும்பாலும் மரம். வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு தோல், இடையில் முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டிய ஒன்றரை அங்குலக் கனம். இரண்டு தோலும் நடு மரத்தோடு ஒட்டியிருக்கும் வரைக்கும்தான் பலம். மரம் உக்கிவிட்டால் தோல்கள் தனித்தனி. மெல்லிய தகடு போல வளையும். மோட்டார் முன்னே தள்ளும் விசை முழுவதும் அந்தச் சுவர் வழியாகத்தான் படகுக்குப் போகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஏரி நடுவில் அது விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மழைத் தண்ணீர்தான் இதற்கு முதல் எதிரி, ஏரித் தண்ணீர் அதற்குப் பிறகுதான். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். உப்புத் தண்ணீர் அதற்கு அவ்வளவாக ஒத்துவராது. ஆகவே ஓடும் படகைவிட முற்றத்தில் சும்மா நிற்கும் படகுதான் சீக்கிரம் உக்கும். தண்ணீர் போகும் வழிகள் எல்லாம் சின்னச் சின்னவை: மோட்டார் போல்ட் ஓட்டை, ஆழமானியின் உணரியைப் பொருத்திய திருகாணி, படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியே விடும் ஓட்டையில் அடைப்பான் செருகும் பித்தளைக் குழாய், மேல் மூடிக்கு அடியில் தொழிற்சாலையிலேயே ரெசின் (ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) பூசாமல் விட்ட பிளைவுட் விளிம்பு. போதாததற்குக் கனடாக் குளிர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். பிளைவுட்டின் அடுக்குகளை ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும்.

அத்தான் நாலு பேரிடம் கேட்டார். ஒருவர் எபொக்சி என்ற ரெசினை ஊசி போடச் சொன்னார். இன்னொருவர் நடு மரத்தைத் தோண்டியெடுத்துவிட்டு ரெசின் கலவை ஊற்றச் சொன்னார். மற்ற இருவரில் ஒருவர் வெளியால் வெட்டு என்றார், மற்றவர் உள்ளால் வெட்டு என்றார். என்னிடம் கேட்டபோது, முதலில் துளை போட்டுப் பார்ப்போம் என்றேன்.

இது உண்மையில் முக்கியமான கட்டம், பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். சுத்தியல் பிடியால் டிரான்சம் முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்று கேட்கும், உக்கிய இடத்தில் 'பொத்' என்று அடங்கும். பிறகு உட்பக்கமிருந்து 6 மில்லிமீட்டர் துளைகள். வெளித் தோலை ஓட்டையாக்காமல் நிறுத்த, ட்ரில் பிட்டில் ஒன்றேகால் அங்குலத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வெளியே வரும் தூள் வெளிர் நிறத்தில் சுருள் சுருளாக வந்தால் மரம் நலம். கறுத்த, ஈரமான, தேயிலைச் சக்கை போன்ற ஒன்று வந்தால் முடிந்தது கதை. அத்தானின் படகில் பதினொரு துளை போட்டோம். எட்டில் தேயிலைச் சக்கை. ஒன்றிலிருந்து தண்ணீரே சொட்டியது.

அதோடு நிற்காமல் தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் சட்டங்களின் பின்முனையிலும் துளை போடுங்கள். அவை டிரான்சத்தில் வந்து முட்டுகின்றன. அங்கே உக்கல் ஏறியிருந்தால் தரையையும் கிழிக்க வேண்டும். டிரான்சத்தோடு தரையும் ஸ்ட்ரிங்கரும் சேர்ந்து போயிருந்தால், சாதாரண 17 அடிப் படகைத் திருத்துவதில் கணக்கு உதைக்கும். படகு திருத்தும் யார்டில் கூலி கொடுத்துச் செய்தால் டிரான்சம் ஒன்றுக்கே பழைய படகின் பெறுமதியைத் தாண்டிவிடுவது சாதாரணம். அந்த நிலையில் மோட்டாரையும் ட்ரெய்லரையும் வைத்துக்கொண்டு வேறு உடல் தேடுவதுதான் புத்தி. அத்தானுக்கு ஸ்ட்ரிங்கர்கள் தப்பியிருந்தன.

சரி, இனி அந்த நாலு பதிலுக்கும் வருவோம்.

எபொக்சி ஊசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிறைய ஓட்டை போட்டு, தண்ணீர் போல ஓடும் எபொக்சியை உள்ளே விடுவது. போத்தலின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஈர மரம் எபொக்சியைக் குடிக்காது. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பூட்டிக் கிடக்கும் பிளைவுட்டை முழுதாகக் காயவைப்பதும் நடக்கிற காரியமில்லை; மாதக்கணக்கில் விளக்கு வைத்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். மரத்தின் நார் ஓடும் திசையில் எபொக்சி ஓரளவு போகும், பிளைவுட்டின் பசை அடுக்கைத் தாண்டிக் குறுக்கே போகாது. ஆகவே உள்ளே உருவாவது எபொக்சித் தீவுகள் கொண்ட ஒரு சதுப்பு நிலம். ஒரு திருகாணி ஓட்டையைச் சுற்றி ஒரு நாணயம் அளவு உக்கல், அதுவும் காய்ந்தது என்றால் இது போதும். மோட்டார் தொங்கும் இடத்தில் வேண்டாம். உள்ளேயும் வெளியேயும் அலுமினியத் தகடு வைத்து இறுக்குவதும் இதே ரகம். விற்க நினைப்பவர் செய்யும் வேலை அது. பழைய படகு பார்க்கப் போகும்போது டிரான்சத்தில் புதிதாய்ப் பளபளக்கும் தகடு கண்டால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

ஊற்றும் முறைக்கு மரியாதை கொடுக்க வேண்டும். சீகாஸ்ட், ஆர்ஜே போன்ற பெயர்களில் வாளியில் வரும் கலவை. மேல் மூடியைக் கழற்றி, இரண்டு தோலுக்கும் நடுவிலிருந்து மரத்தை மேலிருந்தபடியே தோண்டியெடுக்க வேண்டும். இதற்கு ஆட்கள் பாவிப்பது செயின்சோ! முதல் தடவை பார்க்கும்போது படகைக் கொலை செய்வது போலத்தான் இருக்கும். மரம் முழுவதும் வந்த பிறகு, போல்ட் ஓட்டைகளையும் அடைப்பான் ஓட்டையையும் அடைத்து, தோல்கள் புடைத்துவிடாமல் இரு பக்கமும் சட்டங்கள் கொடுத்து, கலவையை ஒரே மூச்சில் ஊற்றுவது. இறுகிய பிறகு உக்குவதற்கு அங்கே மரமே இல்லை.

இதன் பெரிய நன்மை, மோட்டாருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, அதாவது ஸ்பிளாஷ்வெல்லை, பிரிக்க வேண்டியதில்லை. உள்தோலையும் வெளித்தோலையும் வெட்ட வேண்டியதில்லை. டிரான்சம் வளைந்த வடிவமாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள். உள்தோல் நல்ல கனமாகவும் வெடிக்காமலும் இருக்க வேண்டும். மலிவுப் படகுகளில் அது மேட் எனப்படும் நறுக்கிய கண்ணாடியிழை விரிப்பு இரண்டு அடுக்கு மட்டும்தான். மரம் உக்கும்போதே அதுவும் நொறுங்கியிருக்கும். இரண்டாவது, கீழ் மூலைகளில் மரம் முழுவதும் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாது. நீண்ட உளியும் கைவிளக்கும் நம்பிக்கையும்தான். ஈரமான மரச் சக்கை ஒட்டியிருந்தால் கலவை அங்கே தோலைப் பிடிக்காது. அப்புறம், பிழை வந்துவிட்டால் திருத்துவது கடினம். கல்லாக இறுகியதைத் திரும்பத் தோண்ட யாருக்கும் மனம் வராது.

அத்தானுக்கு முதலில் பிடித்தது இதுதான். உள்தோலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பைக் கண்டதும் அது கைவிட்டுப் போயிற்று.

வெளியால் வெட்டுவதா, உள்ளால் வெட்டுவதா என்பதில்தான் ஆட்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். இரண்டுமே முழுமையான திருத்தம். இரண்டிலும் பழைய மரம் போய்ப் புது நடு வருகிறது. எந்தக் கதவால் வீட்டுக்குள் போவது என்பதுதான் வித்தியாசம்.

வெளியால் என்றால், டிரான்சத்தின் ஓரங்களிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, தோலின் கனத்துக்கு மட்டும் வட்டவாளை வைத்து வெட்டி, தோலை ஒரு தட்டு போலக் கழற்றுவது. நின்றபடி வேலை செய்யலாம், முதுகு பிழைக்கும். உள்ளே இருக்கை, மோட்டார்க் கேபிள், பெட்ரோல் தாங்கி எதையும் பெரிதாகத் தொட வேண்டாம். உட்பக்கம் ஒரே வார்ப்பாக லைனர், அதாவது ஃபைபர் உள்ளோடு, வைத்துக் கட்டிய படகுகளுக்கு இதைவிட வேறு நல்ல வழி இல்லை.

கஷ்டம் மூடும்போதுதான் வரும். வெட்டிய தோலைத் திரும்ப ஒட்டினாலும், ரெசினில் நனைத்த ஃபைபர் துணியால் புதிதாகப் படலம் போட்டாலும், இணைப்பு சுற்றிவர சரிவாகத் தேய்க்கப்பட வேண்டும். தோலின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. 6 மில்லிமீட்டர் தோல் என்றால் 72 மில்லிமீட்டர் சரிவு. விட்டுவைத்த இரண்டு அங்குல ஓரத்துக்கு இது கொள்ளாது. ஆகவே சரிவின் ஒரு பகுதி புதிதாக ஒட்டும் பக்கத்தில் விழ வேண்டும், அல்லது படகின் பக்கச் சுவர் மீதே படலம் சுற்றிப் போக வேண்டும். பிறகு முழு டிரான்சத்துக்கும் பெயின்ட். அந்த ஓரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உக்கலை எடுக்காமல், திறந்த இடத்துக்கு மட்டும் புதுப் பலகை வெட்டி வைப்பவர்களும் உண்டு. அது ஐந்து வருடத்தில் திரும்ப வரும்.

இன்னொன்று, பலர் யோசிக்காத ஒன்று. படகின் உடல் அடையாள எண், 12 எழுத்தும் எண்ணும் கொண்டது, டிரான்சத்தின் வலது மேல் மூலையில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1972 நவம்பரிலிருந்தும் கனடாவில் 1981 ஆகஸ்டிலிருந்தும் இது கட்டாயம். அதை அகற்றுவதோ மாற்றுவதோ இரண்டு நாட்டுச் சட்டத்திலும் கூடாது. வெளியால் வெட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு எண் எங்கே என்று தேடினால், படகு விற்கும் நாளில் நீங்கள் திருடன் போல நிற்க வேண்டி வரும். வெட்டும் கோட்டை அந்த மூலையில் வளைத்து விட்டுவிடுங்கள்.

உள்ளால் என்றால் வெளித்தோலைத் தொடாமல், அதையே அச்சாக வைத்துக்கொண்டு புது டிரான்சம் கட்டுவது. வெளித்தோல் பொதுவாகக் கனமானது, அதன் பளபளப்பான மேல் பூச்சான ஜெல்கோட்டும் நலமாக இருக்கும். வேலை முடிந்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் படகுக்கு எதுவும் நடந்த மாதிரி இருக்காது. புது நடுவிலிருந்து படகின் பக்கச் சுவருக்கும் அடிக்கும் ஃபைபர் துணியை மடித்து ஒட்ட முடிவதால், மோட்டாரின் விசை நேராகப் படகு உடலுக்குள் பிரிந்து போகும். என் கண்ணுக்கு இதுதான் பலத்தில் முதலிடம்.

விலை என்னவென்றால், பின்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டும். மோட்டார், கேபிள்கள், பின்னிருக்கை, ஸ்பிளாஷ்வெல், சில படகுகளில் மேல்தட்டின் பின்பாதி. பெட்ரோல் தாங்கி கட்டாயம் வெளியே. பெட்ரோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, படகின் அடியில் போய்த் தங்கும், அங்கே நீங்கள் கிறைண்டர் பிடிக்கப் போகிறீர்கள். மரத்தைச் சுரண்டியெடுத்த பிறகு வெளித்தோல் மட்டும் நிற்கும்போது அது தொய்ந்துவிடாமல் வெளியே நேரான சட்டங்கள் கொடுத்துப் பிடிக்க வேண்டும். ட்ரெய்லர் படகின் அடியைச் சரியாகத் தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். வளைந்த நிலையில் ஒட்டிவிட்டால் வாழ்நாள் முழுவதும் வளைந்த படகு. ஃபைபர் தூசியின் அரிப்பு தனிக் கதை. முழு உடை, முகமூடி, கழுத்திலும் மணிக்கட்டிலும் குழந்தைப் பவுடர், முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியல். சுடுதண்ணீரில் குளித்த அன்று இரவு அத்தான் தூங்கவில்லை.

நாங்கள் உள்ளால்தான் போனோம். மேல்தட்டின் பின்பகுதியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி எடுக்கக்கூடிய மாதிரித்தான் அந்தப் படகைக் கட்டியிருந்தார்கள். தீர்மானித்தது அந்த ஒன்றுதான். லைனர் படகாக இருந்திருந்தால் மறு பேச்சில்லாமல் வெளியால் வெட்டச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது, நடுவில் எதை வைப்பது. இதில் கூசா பலகையைப் பற்றி நிறையப் பேச்சு. கண்ணாடியிழை வலுவூட்டிய பொலியூரித்தேன் நுரைப் பலகை; டிரான்சத்துக்கு எடுப்பது ஒரு கன அடி 26 இறாத்தல் எடையுள்ள ரகம். உக்காது, பிளைவுட்டைவிட எடை குறைவு. ஆனால் விலை பல மடங்கு, பிளைவுட் அளவுக்கு விறைப்பும் இல்லை. ஈடு செய்ய மேலே ஃபைபர் அடுக்கு அதிகம் போட வேண்டும். அதை மறந்து பிளைவுட்டின் இடத்தில் அப்படியே கூசாவை வைத்துவிட்டு, படகு நெளிகிறது என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

பிளைவுட்டைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. மரைன் பிளைவுட் என்றால் உக்காது என்று. பிஎஸ் 1088 தரம் என்பது பசைக்கும், உள்ளே வெற்றிடம் இல்லாத அடுக்குக்கும் கொடுக்கும் சான்று. அந்தத் தரத்தில் கிடைக்கும் ஒக்கூமே மரம் உக்கலுக்கு அப்படியொன்றும் தாக்குப்பிடிக்காது. டக்ளஸ் ஃபிர் அதைவிடத் தேவலை. எங்கள் தேர்வு டக்ளஸ் ஃபிர் மரைன் பிளைவுட், 18 மில்லிமீட்டரில் இரண்டு. ரெசின் பூசாத விளிம்போடு, அடைக்காத ஓட்டைகளோடு முதல் டிரான்சம் எத்தனையோ வருடம் உழைத்திருக்கிறது. எல்லா விளிம்பையும் மூடிக் கட்டினால் அடுத்தது அத்தானைவிட அதிக காலம் இருக்கும் என்று கணக்குப் போட்டோம். அவர் அதைப் பெரிதாக ரசிக்கவில்லை.

ரெசினில் எபொக்சியா பொலியெஸ்டரா என்பதும் சண்டைக்குரிய விஷயம். படகு பிறந்தது பொலியெஸ்டரில். விலையும் குறைவு, மேலே ஜெல்கோட் பூசுவதும் சுலபம். ஆனால் மரத்தையும் பழைய படலத்தையும் பிடிப்பதில் எபொக்சிதான் பலம். பழையதோடு புதியது ஒட்டும் வேலை என்பதால் என் ஓட்டு எபொக்சிக்கு. எபொக்சியின் மேல் ஜெல்கோட் சரியாக இறுகாமல் தொல்லை கொடுக்கும். உள்ளால் செய்தால் அந்தக் கவலை இல்லை, வெளியால் செய்தால் இரண்டு பாகப் பெயின்ட் அடித்துவிடுங்கள். சாதாரண நறுக்கிழை மேட் வேண்டாம், அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். 1708 என்று விற்கும் தைத்த துணி எபொக்சிக்கு ஒத்துவரும். மூன்று அடுக்கு போட்டோம், ஒவ்வொன்றும் பக்கச் சுவரில் முந்தியதைவிட இரண்டு அங்குலம் அதிகம் ஏறும்படி. அடுக்குகளுக்கு நடுவில் இரவு போய்விட்டால், எபொக்சியின் மேல் படியும் மெழுகு போன்ற பூச்சைத் தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே அடுத்தது. எபொக்சியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில், வெஸ்ட் சிஸ்டம் நிறுவனத்தின் 206க்கு 16 பாகை செல்சியஸாவது வேண்டும், 205க்கு 4 பாகை. ஒன்ராறியோ ஏப்ரலில் இது சின்ன விஷயமில்லை.

ஸ்டெர்ன்டிரைவ், அதாவது எஞ்சின் படகுக்குள்ளும் உந்தும் கால் வெளியிலும் உள்ள அமைப்பு, வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் மெர்க்குரூசர் ரகத்துக்கு டிரான்சம் 2 அங்குலத்துக்கும் இரண்டேகால் அங்குலத்துக்கும் இடையில், எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். எஞ்சினை வெளியே எடுக்காமல் செய்ய முடியாது. ஊற்றும் கலவையில் அந்த அளவைப் பிடிப்பதைவிட, பலகையை அளந்து வைப்பதே பாதுகாப்பு.

மோட்டாரை மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பழைய 90 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் ஏறத்தாழ 120 கிலோ. இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் ஏறத்தாழ 160 கிலோ. அத்தானுக்கு அந்த ஆசை இருப்பது மூன்றாவது அடுக்கு போடும் நாளில்தான் தெரியவந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் போன்ற முட்டுகளைக் கூடுதலாக வைத்தோம்.

கடைசியாக ஓட்டைகள். புது டிரான்சத்தில் போல்ட் அளவுக்கு நேராகத் துளை போட்டால், முதல் நாளே மரத்தைத் தண்ணீருக்குக் காட்டிவிட்டீர்கள். அரை அங்குல போல்டுக்கு முக்கால் அங்குலத் துளை போட்டு, கெட்டியாக்கிய எபொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் அரை அங்குலம் துளைத்தோம். போல்ட் தொடுவது எபொக்சியை மட்டும்தான். அடைப்பான் குழாய்க்கும் அதே வேலை. சீலன்டுக்கு 3எம் 4200. அதைவிட நிரந்தரமாக ஒட்டும் 5200 வாங்கி வந்த அத்தானைத் திருப்பி அனுப்பினேன், அதைப் போட்டால் மோட்டாரைக் கழற்ற வேண்டிய நாளில் டிரான்சமும் சேர்ந்து வரும். ஆழமானியின் உணரிக்குத் துளையே போடவில்லை. ஒரு சிறு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி, திருகாணிகளை அதில் இறக்கினோம்.

முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு நட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்த்தோம். கால் சுற்றுக்கூடப் போகவில்லை, வாஷர்களுக்கு அடியில் பள்ளமும் இல்லை. இலையுதிர்காலத்தில் படகை மூடி வைக்கும்போது முன்பக்கத்தை உயர்த்தி, அடைப்பானைக் கழற்றி விட்டிருக்கிறார். மேப்பிள் மரத்தடி இல்லாத இடத்தில்.